அந்தமானுக்கு எந்த ஃபின் எடுத்துப் போகலாம்?

அந்தமானுக்கு டிக்கெட் போட்ட கையோடு பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மாஸ்க்கும் ஸ்நார்கலும் (மூச்சுக் குழாய்) வாங்கியாயிற்று, நீந்தக் காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னும் வாங்க வேண்டுமா? வாங்குவதென்றால் எது? கடைக்குப் போனால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில் ஒன்று, முழங்கால் உயரத்துக்கு ஒன்று, பட்டை வைத்தது, வைக்காதது, நடுவில் பிளந்தது. விலை இரண்டாயிரத்துக்குக் கீழே தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டிப் போகிறது.

எல்லாக் கடலுக்கும் பொதுவாகப் பேசினால் யாருக்கும் உதவாது. அதனால் ஒரு பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து விமானம், ஐந்தாறு நாள், ஹேவ்லாக், நீல் தீவுகள். 2018-இல் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பெயர் மாறினாலும் பேச்சில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது. காலை வேளைகளில் ஸ்நார்கலிங் (நீர்மட்டத்தில் மிதந்தபடி பார்ப்பது), நடுவில் இரண்டு மூன்று ஸ்கூபா டைவ் (சிலிண்டரோடு ஆழத்தில் இறங்குவது). நீரின் வெப்பம் 27 முதல் 30 டிகிரி, எனவே குளிருக்கான உடையோ காலுறையோ தேவையில்லை. லட்சத்தீவு, மாலத்தீவு, திருகோணமலைப் பக்கம் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைவ் போகும்போது டைவ் கடைக்காரர்களே ஃபின் தந்துவிடுவார்கள். ஸ்நார்கலிங்குக்குத்தான் கையில் ஃபின் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். எனவே காசு போட்டு வாங்குகிற ஃபின், ஸ்நார்கலிங்குக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். டைவுக்கும் அதுவே ஒத்துவந்தால் நல்லது, வராவிட்டாலும் நஷ்டம் இல்லை. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டைவ் படத்தில் பார்த்த கனமான ஃபின்னை வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கடைசியில் டைவ் கடையில் கொடுத்ததையே போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள்.

## எதை வைத்து அளப்பது

காலுக்குப் பொருந்துவது. பிளேடு (நீரைத் தள்ளும் தட்டையான பகுதி) எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாதம் நுழையும் பாக்கெட் பொருந்தவில்லையென்றால் அந்த ஃபின் வீண். உப்புத் தண்ணீரில் ஊறிய தோல் மென்மையாகிவிடும். அதோடு நாலு மணல் துகள் சேர்ந்தால் குதிகாலும் விரல் மூட்டும் அரை மணி நேரத்தில் கொப்புளமாகிவிடும். முதல் நாள் கொப்புளம் வந்தால் அடுத்த நான்கு நாளும் கரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். மற்ற எல்லா அளவுகோலையும் விட இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

எடையும் நீளமும். உள்நாட்டு மலிவு விமானங்களில் பொதுவாக 15 கிலோ செக்-இன், 7 கிலோ கைப்பை. எடைக்குக் கவலைப்படுகிற அளவுக்கு நீளத்துக்குக் கவலைப்படுவதில்லை. அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கைப்பைக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 55 × 35 × 25 சென்டிமீட்டர். இதன் மூலைவிட்டம் 65 வருகிறதே, 60 சென்டிமீட்டர் ஃபின்னைச் சாய்த்து வைத்துவிடலாம் என்று தோன்றும். பிளேடு கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் அகலம் இருப்பதால் சாய்த்தாலும் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது, மூலை இடிக்கும். வாங்குமுன் உங்கள் பெட்டியின் உள் நீளத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். வெளி அளவு உதவாது. சக்கரமும் கைப்பிடிக் கம்பியும் அதில் நாலைந்து சென்டிமீட்டரைத் தின்றுவிடும்.

உந்துவிசை. ஸ்நார்கலிங்கில் உடம்பை மட்டும் நகர்த்தினால் போதும். டைவிங்கில் முதுகில் சிலிண்டர், இடுப்பில் எடைக்கட்டி, மார்பில் காற்றுச் சட்டை எல்லாம் சேர்ந்து நீரை எதிர்க்கும். நீரோட்டமும் இருந்தால் சின்ன பிளேடு திணறும்.

கரையும் இறங்கும் இடமும். மணலா, பாறையா, படகா என்பதைப் பொறுத்து வெறுங்காலோடு போவதா காலணியோடு போவதா என்பது மாறும்.

உண்மையான மொத்தச் செலவு. ஃபின்னின் விலை இதில் ஒரு பகுதிதான். பூட்டி (ஃபின்னுக்குள் போடும் காலணி), சாக்ஸ், கூடுதல் லக்கேஜ், வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பட்ஜெட் இறுக்கமாக இருந்து இன்னும் நல்ல மாஸ்க் வாங்கவில்லையென்றால், ஃபின்னை விட்டுவிட்டு முதலில் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க்கை வாங்குங்கள். ஃபின் இல்லாமல் மீன் பார்க்கலாம். ஒழுகும் மாஸ்க்கோடு பார்க்க முடியாது.

## ஒரே பார்வையில்

| வகை | நீளம் (செ.மீ.) | ஜோடி எடை | சுமாரான மொத்தச் செலவு | நல்ல இடம் | சிரமமான இடம் |
|---|---|---|---|---|---|
| குட்டை ஃபின் | 35–45 | 1 கிலோ அளவில் | ரூ. 1,500–3,500 | ஆழமில்லாத பவளப்பாறை, கைப்பைப் பயணம் | நீரோட்டம், சிலிண்டரோடு டைவ் |
| முழு நீள ஃபுல் ஃபுட் (பாதம் முழுவதையும் மூடுவது) | 55–65 | 1.5–2 கிலோ | ரூ. 3,000–6,500 | ஸ்நார்கலிங், படகு டைவ் இரண்டும் | பாறைக் கரை, சின்னப் பெட்டி |
| ஓப்பன் ஹீல் (குதிகால் திறந்து பட்டை வைத்தது) + பூட்டி | 55–68 | பூட்டியோடு 2.5 கிலோவுக்கு மேல் | ரூ. 7,000–15,000 | அடிக்கடி டைவ், கூரான கரை | லக்கேஜ், ஈரம் காயாதது |
| நெடும் ஃபின் | 80–95 | 1.5–2.5 கிலோ | ரூ. 5,000 முதல் | மூச்சடக்கி இறங்குவது | கிட்டத்தட்ட மற்ற எல்லாம் |
| வாடகை | – | 0 | டைவில் பெரும்பாலும் சேர்த்தி | ஒரே ஒரு பயணம் | அளவு கிடைப்பது |

விலையும் எடையும் கம்பெனிக்குக் கம்பெனி, அளவுக்கு அளவு மாறும். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

## குட்டை ஃபின்

க்ரெஸ்ஸியின் பலாவ், அகுவா ஷார்ட் போன்றவையும், டெகத்லானின் சுபியா பிராண்டில் வரும் ஸ்நார்கலிங் ஃபின்களும் இந்த ரகம். சாதாரண முதுகுப்பையில் படுத்துவிடும். படகில் ஏறும்போது ஒரு கையில் இரண்டையும் பிடித்துக்கொள்ளலாம்.

இவற்றிலேயே இரண்டு வகை உண்டு. காலணி மாதிரி முழுப் பாதத்தையும் மூடுவது ஒன்று. குதிகால் பக்கம் பட்டை வைத்து இறுக்கித் தளர்த்தும்படி இருப்பது இன்னொன்று. பட்டை வைத்ததில் ஒரே ஜோடி மூன்று நான்கு காலளவுக்குப் பொருந்தும். கணவன், மனைவி, பதின்மவயதுப் பிள்ளை என்று மூன்று பேர் மாறி மாறி இறங்குகிற குடும்பத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் பட்டை வெறும் குதிகாலில் உரசும் என்பதால் மெல்லிய சாக்ஸ் ஒன்று அவசியம்.

குட்டை பிளேடில் நீந்துவது சைக்கிளைச் சின்னப் பல்சக்கரத்தில் மிதிப்பது போல. ஒவ்வொரு உதையும் லேசாக இருக்கும், ஆனால் நிறைய உதைக்க வேண்டும். புதிதாக இறங்குகிறவர்களுக்கு இது நல்லதுதான். கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்வது குறையும்.

பலர் கவனிக்காத ஒரு நன்மையும் இருக்கிறது. அந்தமானில் கடல் ஏறி இறங்குவதில் இரண்டு மீட்டர் வரை வித்தியாசம் வரும். வற்றுகிற நேரத்தில் பவளத்துக்கு மேல் ஒரு மீட்டர் தண்ணீர்தான் நிற்கும். அந்த நிலையில் நீள பிளேடு கீழே இறங்கும் ஒவ்வொரு உதையிலும் பவளத்தைத் தட்டும். கிளை கிளையாக வளரும் பவளம் ஒரு தட்டில் ஒடிந்துவிடும். குண்டுக்கல் போல இருக்கும் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும் என்பதால், அதில் விழுந்த கீறல் நாம் அடுத்த முறை வரும்போதும் அப்படியே இருக்கும். கடின பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கிற அதே அட்டவணை. குட்டை ஃபின் போட்டால் பவளத்துக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை, நிச்சயமாகக் குறையும்.

லைஃப் ஜாக்கெட்டோடு ஸ்நார்கலிங் செய்கிறவர்களுக்கும் இதுதான் சௌகரியம். ஜாக்கெட் மார்பைத் தூக்கிப் பிடிப்பதால் உடம்பு வாகாகப் படுக்காது. ஒன்று, கால் மேலே வந்து தண்ணீரை அடிக்கும்; இல்லையென்றால் அடியில் தொங்கும். நீள பிளேடு அப்போது இடைஞ்சல்.

மறைமுகச் செலவு அதிகம் இல்லை, சாக்ஸ் மட்டும்தான். ஆனால் வரம்பு உண்டு. நீரோட்டம் இழுக்கும்போது இது போதாது. சிலிண்டரோடு இறங்க விரும்பினால் உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடம் முதலில் காட்டிக் கேளுங்கள். பலர் வேண்டாம் என்பார்கள். அது நியாயம்தான்.

## முழு நீள ஃபுல் ஃபுட்

வெதுவெதுப்பான கடலுக்கு என்றே செய்தது போன்ற ரகம் இது. வெறுங்காலை நுழைத்துப் போட்டுக்கொள்ளலாம், பூட்டி வேண்டாம், பட்டை வேண்டாம், பக்கிள் உடையும் என்ற பயம் இல்லை. மாரெஸ் அவான்டி குவாட்ரோ, க்ரெஸ்ஸி ப்ளூமா இரண்டும் பல வருடங்களாகப் பலரும் போடுகிறவை. ப்ளூமா லேசானது, மென்மையானது. குவாட்ரோ கொஞ்சம் கனம், ஆனால் தள்ளுவிசை அதிகம்.

என் கணக்கில் ஸ்நார்கலிங்கும் டைவும் கலந்த பயணத்துக்கு, பெட்டியில் இடம் இருந்தால், இதுதான் முதல் தேர்வு. ஹேவ்லாக்கில் டைவ் பெரும்பாலும் படகிலிருந்து. கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து படகு ஏறினால், அப்புறம் தண்ணீரில் குதிக்கும் முன்தான் ஃபின். வெறுங்கால் அங்கே பிரச்சினையே இல்லை. லைட்ஹவுஸ் போன்ற பழக்கமான டைவ் இடத்திலும் போதும்; டிக்ஸன்ஸ் பினாக்கிள், ஜானீஸ் கார்ஜ் போன்று நீரோட்டம் வரக்கூடிய இடத்துக்குப் போனாலும் தாக்குப்பிடிக்கும்.

சிக்கல் முழுக்க அளவில் இருக்கிறது. பட்டை இல்லாததால் பொருந்தினால் பொருந்தியது, இல்லையென்றால் இல்லை. அளவுகள் ஐரோப்பிய எண்ணில், இரண்டிரண்டாக வரும்: 40–41, 42–43 என்று. நம் கடைகளில் சொல்லும் 8 அங்கே ஏறக்குறைய 42. முன்பாதம் அகலமாகவும் குதிகால் ஒடுங்கியும் இருக்கிறவர்கள் நம்மிடையே நிறைய. நீளத்துக்குச் சரியாக எடுத்தால் சுண்டுவிரல் நசுங்கும். ஒரு அளவு கூட்டினால் குதிகால் கழன்று கழன்று வரும். அப்படிப்பட்ட கால் உள்ளவர்கள் ஒரு அளவு பெரிதாக எடுத்து இரண்டு மில்லிமீட்டர் நியோப்ரின் (நுரை ரப்பர்) சாக்ஸ் போட்டுச் சரிசெய்யலாம். சாக்ஸ் போடுவதாக இருந்தால் கடையில் போட்டுப் பார்க்கும்போதே அதைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த ரகத்தில் உள்ள பெரிய மறைமுகச் செலவு, பொருந்தாத ஜோடி வீட்டு அலமாரியில் தூங்குவதுதான்.

வெறுங்காலில் நடக்க முடியாத கரைகளும் உண்டு. நீல் தீவின் லக்ஷ்மண்பூர் 2 கடற்கரையில், இயற்கைப் பாலம் இருக்கும் பக்கம், கடல் வற்றியதும் செத்த பவளமும் பாறையும்தான். திருகோணமலைக்கு அருகில் நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவிலும் கரை முழுக்க உடைந்த பவளத் துண்டுகள். இங்கெல்லாம் ஃபுல் ஃபுட் போடுகிறவர்கள் தண்ணீரில் நனைந்தாலும் கெடாத ரப்பர் ஷூவையோ பட்டைச் செருப்பையோ போட்டு நடந்து, இறங்கும் இடத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். கழற்றியதை யார் வைத்துக்கொள்வது என்பதையும் முன்பே யோசித்துவிடுங்கள்.

## ஓப்பன் ஹீல் ஃபின்னும் பூட்டியும்

டைவர் என்றவுடன் மனதில் வரும் உருவத்தின் காலில் இருப்பது இதுதான். நியோப்ரின் பூட்டியைப் போட்டு, அதன்மேல் ஃபின்னை மாட்டி, பின்பக்கப் பட்டையை இழுக்க வேண்டும். பூட்டியின் அடிப்பகுதி தடித்த ரப்பர் என்பதால் எந்தக் கரையிலும் நடக்கலாம். பட்டைக்குப் பதில் ஸ்பிரிங் இருந்தால் போடுவதும் கழற்றுவதும் ஒரு நொடி வேலை.

பூட்டியின் முதல் வேலை குளிரிலிருந்து காப்பது. 28 டிகிரி நீரில் அந்த வேலை இல்லை. மிச்சம் இருப்பது கரையில் நடக்கும் வசதி மட்டும். அந்த ஒரு வசதிக்காக ஃபின் விலையில் இரண்டாயிரம் மூன்றாயிரம் கூட்டி, ஒரு கிலோவுக்கு மேல் எடை கூட்டி, தினமும் ஈரப் பூட்டியைக் காயவைக்கும் வேலையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஈரத் தீவுக் காற்றில் நியோப்ரின் ஒரே இரவில் காயாது. ஊர் திரும்பும் நாளில் இன்னும் ஈரமாகவே பெட்டிக்குள் போகும், அப்போது அது வந்தபோது இருந்த எடையை விடக் கூடுதல். 15 கிலோ வரம்பின் ஓரத்தில் இருக்கிறவர்கள் விமான நிலையத்தில் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் கட்ட நேரிடும். போக வர இரண்டு கிலோ அதிகம் என்றால், அந்தக் காசில் ஒரு ஜோடி குட்டை ஃபின்னே வாங்கியிருக்கலாம்.

ரப்பரில் வார்த்த ஜெட் ஃபின் ரகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஸ்கூபாப்ரோ அதை 1965-இல் கொண்டுவந்தது, இன்றும் விற்கிறது, உழைப்பில் அதற்கு இணை குறைவு. ட்ரை சூட் (நீர் புகாத உடை) போட்டுக் குளிர்க் கடலில் இறங்குகிறவர்களுக்கு அந்தக் கனம் ஒரு நன்மை. மிதக்கப் பார்க்கும் காலை அது கீழே வைத்திருக்கும். நம் பயணத்தில் வெறும் பனியனும் ரேஷ் கார்டும் (மெல்லிய நீச்சல் மேலுடை) போட்டு நீந்துகிற காலுக்கு அந்த மூன்று கிலோ சுமை எதற்கு?

ஓப்பன் ஹீல் வேண்டும், பூட்டி வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. வெறுங்காலில் போட்டுக்கொள்ளும்படி வடிவமைத்த லேசான பட்டை ஃபின்கள், ஸ்கூபாப்ரோவின் கோ போன்றவை. பயணத்துக்கென்றே செய்தவை என்பதால் எடை குறைவு. விலைதான் குறைவில்லை.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை டைவ் போகிறவர்கள், புதுச்சேரியிலோ வேறெங்கோ தொடர்ந்து பயிற்சி எடுக்கிறவர்கள், நாளை குளிர்க் கடலுக்கும் போகப்போகிறவர்கள், இவர்களுக்கு இந்த ரகம் நல்ல முதலீடு. ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (டைவிங்கின் அடிப்படைப் பயிற்சி) முடித்துப் பிடித்துப் போனபின் வாங்கினால் இன்னும் நல்லது. கோர்ஸின் போது கடையில் இருக்கும் மூன்று நான்கு ரகத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும்.

## நெடும் ஃபின், பிளவு ஃபின்

மூச்சடக்கி ஆழம் போகிறவர்களின் நெடும் ஃபின்னை ஸ்நார்கலிங்குக்கு வாங்காதீர்கள். அழகாக இருக்கும், ஒரு உதையில் நிறைய தூரம் போகும், எல்லாம் சரி. ஆழமில்லாத பவளத்தின் மேல் அது ஒரு கோடாலி. பெட்டியிலும் அடங்காது.

பிளவு ஃபின்னில் பிளேடு நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும். மெல்ல மெல்ல உதைத்தாலே நகரும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் விரும்புகிறார்கள். ஆனால் விலை அதிகம், எடையும் குறைவில்லை, திரும்புவதற்கும் பின்னால் போவதற்கும் பிடிமானம் கம்மி. முழங்காலுக்காக மட்டும் யோசிக்கிறீர்கள் என்றால் மென்மையான ஃபுல் ஃபுட் ஒன்றை முதலில் போட்டுப் பாருங்கள். பாதி விலையில் அதே நிம்மதி பெரும்பாலும் கிடைக்கும்.

## வாங்காமல் வாடகைக்கு

இதை ஒரு நிஜமான தேர்வாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தமானின் டைவ் கடைகளில் டைவ் கட்டணத்துக்குள்ளேயே ஃபின் உட்பட எல்லாக் கருவியும் சேர்த்தி என்பதுதான் வழக்கம். எலிஃபன்ட் பீச்சில் வழிகாட்டி ஒருவர் மிதவை வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டும் ஸ்நார்கலிங்குக்கு ஃபின் வேண்டவே வேண்டாம். வாழ்க்கையில் ஒரே முறை, ஒரே டைவ், ஒரே வளைய ஸ்நார்கலிங் என்றால் எதையும் வாங்காதீர்கள்.

வாடகையின் பலவீனம் அளவுதான். கடையில் நடு அளவுகள் தாராளமாக இருக்கும். 3, 4 போடும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், 11-க்கு மேல் போடும் ஆண்களுக்கும் சிரமம். தளர்வான ஃபின்னில் டைவ் போவது கொப்புளத்துக்கு அழைப்பு. முன்பதிவு செய்யும்போதே இதையெல்லாம் போனில் கேட்டுவிடுங்கள்: ஃபின் கட்டணத்தில் சேர்த்தியா? ஃபுல் ஃபுட்டா, பட்டையா? பட்டை என்றால் பூட்டி தருவீர்களா? என் அளவு இருக்கிறதா? டைவ் இல்லாத நாளில் ஸ்நார்கலிங்குக்கு எடுத்துப் போகலாமா, அதற்கு நாள் வாடகை எவ்வளவு? கடைசிக் கேள்விக்குச் சாதகமான பதில் வந்தால் நீங்கள் எதையும் வாங்கத் தேவையே இல்லாமல் போகலாம்.

## யாருக்கு எது

கைப்பை மட்டும் எடுத்துப் போகிறவர், குடும்பத்தோடு மாற்றி மாற்றிப் போடப்போகிறவர், நீச்சல் சுமாராகத் தெரிந்தவர் என்றால் குட்டை ஃபின். டைவ் நாளில் கடையின் ஃபின்னைப் போட்டுக்கொள்ளலாம்.

நன்றாக நீந்தத் தெரிந்து, தினமும் தண்ணீரில் இரண்டு மணி நேரம் இருக்க ஆசைப்பட்டு, படகு டைவும் போகிறவர் என்றால் மென்மையான ஃபுல் ஃபுட். நடுப்பெட்டி ஒன்று எப்படியும் செக்-இன் போகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

டைவிங்கைத் தொடரப்போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தவர் இந்தப் பயணத்தில் எதையும் வாங்காமல் கடையில் உள்ளதைப் போட்டுப் பழகி, திரும்பி வந்து ஓப்பன் ஹீல் வாங்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வருடமும் போடட்டும் என்று பெரிய ஃபுல் ஃபுட் வாங்காதீர்கள். பிள்ளையின் காலில் கழலும் ஃபின் கடலில் ஆபத்து. பட்டை வைத்த குட்டை ஃபின்னை வாங்கினால் கால் வளர வளரப் பட்டையைத் தளர்த்திக்கொள்ளலாம்.

## கடையில் போட்டுப் பார்க்கும்போது

மாலையில் போங்கள், பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், கடலிலும் அப்படித்தான் இருக்கும். இரண்டு காலிலும் போட்டு உட்கார்ந்தபடி பிளேடு தரையில் படாமல் காலைத் தூக்கி, கணுக்காலை இடம் வலமாக உதறுங்கள். குதிகால் நழுவினால் பெரிது. விரல் நுனி மடங்கினால் சிறிது. பாதத்தின் மேல்பக்கம் ரப்பர் விளிம்பு அழுத்துகிறதா என்று ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருந்து பாருங்கள். முதல் நிமிடத்தில் தெரியாத அழுத்தம் ஐந்தாவது நிமிடத்தில் தெரியும்.

அப்புறம் பிளேடு. ஃபுட் பாக்கெட்டை ஒரு கையில் பிடித்து, நுனியை மறு கையால் அழுத்துங்கள். வில் போல முழு நீளமும் வளைய வேண்டும். பாக்கெட் முடியும் இடத்தில் மட்டும் மடங்கி, மீதி விறைப்பாக நின்றால் வேண்டாம். அழுத்தவே முடியாத அளவுக்கு விறைப்பாக இருந்தால் அதுவும் வேண்டாம், உங்கள் கெண்டைக்கால் தாங்காது.

வாங்கியதும் நேராகக் கடலுக்குப் போகாமல், நீச்சல் குளத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சில குளங்களில் ஃபின் அனுமதிக்க மாட்டார்கள், கேட்டுவிட்டுப் போங்கள். முழங்காலை மடக்கி மிதிக்காமல் இடுப்பிலிருந்து காலை நீட்டி மெதுவாக உதைக்கப் பழகுங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பதறாமல் மல்லாந்து, ஃபின்னின் நுனியைக் கையால் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துக் காலை நீட்டுங்கள், அரை நிமிடத்தில் விட்டுவிடும். இதையும் குளத்திலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

பெட்டியில் வைக்கும்போது ஃபுட் பாக்கெட்டுக்குள் டி-ஷர்ட், சாக்ஸ் என்று எதையாவது திணித்தால் இடமும் மிச்சம், பாக்கெட்டும் நசுங்காது. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். பிளேடின் நுனி தரையில் ஊன்ற நிறுத்தி வைக்காதீர்கள், வெயில் சூட்டில் நுனி வளைந்துவிடும், அப்புறம் நிமிராது. புது ஃபின்னோடு பாக்கெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் அச்சு வரும். அதைத் தூக்கிப் போட்டுவிடாமல், ஊர் திரும்பியதும் மறுபடி உள்ளே செருகி, படுக்கைவாட்டில் வையுங்கள்.